சார்லி கம்பெனியின் பருப்பு

துப்பாக்கி பிடிக்காமல், கரண்டி மட்டும் பிடித்து, ஒரு ரெஜிமெண்டின் அத்தனை சண்டைகளையும் ஜெயித்துக் கொடுத்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து எங்கள் லங்கர்தான். பர்மாக் காடானாலும் சரி, காஷ்மீர் மலையானாலும் சரி, ஜெயித்தது பருப்பு. அந்தப் பருப்பை வேகவைத்தது லங்கர். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்த சண்டைகளை மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். அவை அவருக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தவரின் பருப்பு ஜெயித்தவை.

அறுபதுகளின் நடுவில் நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. தங்கியிருந்தது மைதானத்துக்குப் பின்னால் காதர் பாய் லாட்ஜில். காதர் பாய் பினாங்கில் பல வருஷம் வியாபாரம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். கல்யாணமாகாத உத்தியோகஸ்தர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்துவந்தார். எங்கள் பழைய சமையல்காரர் திடீரென்று ஒருநாள் ஊருக்கு வந்த சர்க்கஸோடு கிளம்பிப் போய்விட்டார். அவர் சமையலைச் சாப்பிட்டிருந்த எங்களுக்கு, சிங்கங்களை நினைத்துத்தான் கவலையாக இருந்தது.

அடுத்த வாரம் ஒருவர் வந்து நின்றார். இரும்புக் கம்பி போல உடம்பு, மெழுகு தடவின மீசை, கையில் ஒரு தகரப் பெட்டி. காதர் பாய் நேர்முகத் தேர்வு நடத்தினார். நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பேரு என்னாப்பா?"

"லங்கர்னு கூப்புடுவாங்க பாய்."

காதர் பாயின் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்த உருதுவில் லங்கர் என்றால் நங்கூரம். வந்திருப்பவர் கப்பல்காரர் என்று முடிவு கட்டிவிட்டார்.

"எந்தக் கம்பெனியில இருந்தீங்க?"

"சார்லி கம்பெனி."

"வெள்ளைக்காரன் கம்பெனியா?"

"முன்னாடி அவனுது. இப்ப நம்மளுது."

"எத்தினி பேருக்குச் சமைப்பீங்க?"

"நூறு பேருக்குக் கொறையாது. சண்டை வந்தா கொறையும்."

"ஜாஸ்தி சண்டை வருமோ?"

"நாமளா போடுறதில்லீங்க. சர்க்கார் சொன்னாத்தான்."

கப்பலில் சண்டை போட சர்க்கார் எதற்கு உத்தரவு தர வேண்டும் என்று காதர் பாய் யோசித்தார். ஆனால் மத்தியானமே சாப்பாடு வேண்டியிருந்ததால் வேலைக்கு எடுத்துக்கொண்டார். ராணுவத்தில் சமையற்கட்டுக்கு லங்கர் என்று பெயர், சார்லி என்பது ஒரு காலாட்படை ரெஜிமெண்டின் மூன்றாவது கம்பெனி என்பதெல்லாம் அவருக்கு விளங்கியபோது ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்குள் லாட்ஜ் முழுசாகப் பிடிபட்டுவிட்டது.

விடியும்போதே தட்டின் மேல் கரண்டி அடிக்கிற சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் டீ மக். அதைக் குடித்து முடிப்பதற்குள் போர்வை மடிக்கப்பட்டிருக்க வேண்டும். மடிக்காதவனுக்கு இட்லி கிடையாது. சாப்பாட்டுக்கு மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும். எல்லோருக்கும் பதவி உண்டு. காதர் பாய் கமாண்டிங் ஆபீசர். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்த அந்தோணி சார், சதா எதையாவது விளக்கிக்கொண்டே இருந்ததால், சிக்னல் பிரிவு. நான் கடைசியாகச் சேர்ந்தவன் என்பதால் ரங்ரூட், அதாவது புதுசாக ஆள் சேர்ப்பில் வந்தவன். வயசு வித்தியாசம் பார்த்து நாங்கள் அவரை மாமா என்று கூப்பிட்டோம். அவர் எங்களை ஜவான் என்று கூப்பிட்டார்.

ஒருநாள் அந்தோணி சார் பருப்பை வாயில் வைத்துவிட்டு, "மாமா, உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

லங்கர் மெதுவாக நடந்து வந்தார்.

"சிக்னல் சாப், பர்மாவுல இந்தப் பருப்பைத்தான் தின்னோம். அங்க யாரும் உப்பைப் பத்திப் பேசலை."

"அங்க குண்டு விழுந்துக்கிட்டிருந்திருக்கும் மாமா."

"இங்கயும் விழும்."

அந்தோணி சார் அன்று சாயங்காலம் கூடை நிறைய வெங்காயம் உரித்தார். கண்ணீர் ஏன் வருகிறது என்பதை எங்களுக்கு ரசாயனபூர்வமாக விளக்கியபடியே உரித்தார்.

சாப்பாட்டு வேளைதான் ரெஜிமெண்ட் சரித்திர வகுப்பு. பர்மாவில் ஒரு தடவை விடாமல் மழை, விறகெல்லாம் நனைந்துவிட்டதாம். லங்கர் மேஜருடைய மடக்கு நாற்காலியை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டார். "மேஜர் சாப்புக்கு உக்கார எடமில்ல. நின்னுக்கிட்டே இருந்தாரு. நின்னதால எதிரி வர்றது தூரத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஜெயிச்சோம்." காஷ்மீரில் உயரம் அதிகம், எவ்வளவு கொதித்தாலும் பருப்பு வேகாது. ராத்திரி பகலாகக் கொதிக்க விட்டாராம். வாசனை அடுத்த மலைக்குப் போய், பசி தாங்காமல் எதிரி எழுந்து நிற்க, நம்மாட்கள் அவன் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்தார்கள். ரெஜிமெண்ட் கொடியில் யானை, சிங்கம் போன்ற மிருகங்களுக்குப் பதிலாக ஒரு அண்டாவைப் போட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய அபிப்பிராயம்.

ஒருநாள் அந்தோணி சார் கேட்டார்: "மாமா, இப்ப சமீபத்துல வடக்கே பனிமலையில சண்டை நடந்துச்சே. அதுலயும் உங்க கம்பெனி இருந்துச்சில்ல? அங்க பருப்பு என்னா பண்ணுச்சு?"

லங்கர் மீசையைத் தடவினார். "அடுப்புல பாலை வெச்சிட்டு வந்துட்டேன்" என்று எழுந்து போனார். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அதன் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

அவர் எந்த மதம் என்பது லாட்ஜில் பெரிய தகராறு. "ஜும்மாவுக்கு என் பின்னால வர்றாருப்பா, நான் பாத்தேன்" என்பார் காதர் பாய். "ஞாயித்துக்கெழமை பூசையில எனக்குப் பக்கத்துல முட்டி போட்டாரே" என்பார் அந்தோணி சார். நானோ அவரைப் பிரதோஷத்தன்று திருப்பாதிரிப்புலியூர் கோயிலில், நெற்றி நிறைய விபூதியோடு பார்த்திருந்தேன். பொறுக்க முடியாமல் நேரிலேயே கேட்டுவிட்டோம்.

"எங்க கம்பெனியில மூணு பேருமே இருந்தாங்க" என்றார் லங்கர். "மூணுக்கும் பரேடு உண்டு. ஒண்ணுக்குப் போனவன் மத்த ரெண்டுக்கும் போவணும். போவலைன்னா எக்ஸ்ட்ரா டூட்டி."

"அது சரி மாமா. நீங்க எது?"

"நான் மூணு பரேடும் முடிஞ்சதும் சோறு போடுற ஆளு."

அதற்குமேல் கேட்க எங்களுக்குத் தைரியமில்லை. வெங்காயம் நிறைய வந்திறங்கியிருந்தது.

அந்த வருஷம் அரிசிக்குக் கடுமையான தட்டுப்பாடு. ரேஷனில் கோதுமை கொடுத்தார்கள். கோதுமையை அப்போது எங்கள் பக்கம் காய்ச்சல்காரர்கள்தான் சாப்பிடுவார்கள். கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேருக்கு மேல் சாப்பாடு போடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அப்பேர்ப்பட்ட நேரத்தில் லங்கர், ரெஜிமெண்ட் பிறந்த நாள் வருகிறது, படா கானா வைக்கப் போகிறேன் என்றார்.

படா கானா என்றால் பெரிய சாப்பாடு. ரெஜிமெண்டில் வருஷத்துக்கு ஒருநாள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். அன்றைக்கு ஆபீசர்கள்தான் ஜவான்களுக்குப் பரிமாற வேண்டும். தென்னாற்காடு ஜில்லாப் பக்கம் திரும்பி வந்துவிட்ட சார்லி கம்பெனி ஆட்களையெல்லாம் கூப்பிட்டு அதை நடத்துவது லங்கரின் திட்டம்.

"விருந்து வெக்கக் கூடாதுங்கிறாங்களேப்பா" என்றார் காதர் பாய்.

"விருந்து இல்லீங்க பாய், ரேஷன். அரிசியும் இல்ல. எல்லாம் கோதுமை ரொட்டி."

காதர் பாய் யோசித்துவிட்டு ஆட்டுக்கறி தன் பொறுப்பு என்றார். கமாண்டிங் ஆபீசர் பதவி அவருக்குப் பிடித்துப் போயிருந்தது.

"எங்க மாமா வெக்கிறோம், மைதானத்துலயா?" என்று கேட்டேன்.

"சிதம்பரத்துல."

"கடலூர்ல எல்லா வசதியும் இருக்கறப்போ சிதம்பரம் எதுக்கு?"

"அந்தத் தண்ணியில பருப்பு சீக்கிரம் வேகும்."

அந்தோணி சார் தண்ணீரின் கடினத்தன்மை பற்றி ஆரம்பித்தார். லங்கர் அவர் கையில் வெங்காயக் கூடையைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் லங்கர் பஸ் ஏறிவிடுவார். மங்கலம்பேட்டை, புவனகிரி என்று ஒவ்வோர் ஊராகப் போய்ப் பழைய ஆட்களைத் தேடினார். ஊரில் இருக்கிற நாட்களில் எங்களுக்குப் பயிற்சி. ஆபீசர்கள் யாரும் இந்தப் பக்கம் இல்லாததால், பரிமாறுவதற்காக எங்களை ஒருநாள் ஆபீசர்களாக நியமித்திருந்தார். காலிக் கரண்டியோடு மாடி வராந்தாவில் மேலும் கீழும் நடக்க விட்டார்.

"ரங்ரூட், தட்டைப் பாத்துப் போடாத. ஜவானோட மூஞ்சியப் பாத்துப் போடு."

"தட்டைப் பாக்காம எப்படி மாமா போடறது, கீழ கொட்டிடுமே?"

"தட்டைப் பாத்தா அளவு பாக்குற மாதிரி இருக்கும். கொட்டுனா கொட்டட்டும்."

நாள் வந்தது. அண்டா, தேக்சா, ரொட்டிக் கல் எல்லாவற்றோடும் காலைப் பாசஞ்சரில் சிதம்பரம் போய் இறங்கினோம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில். அரைக்க நெல் இல்லாமல் களம் காலியாகக் கிடந்தது. அங்கே அடுப்பு மூட்டினார் லங்கர்.

உச்சி வெயிலுக்கு முன்னாலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் வாட்ச்மேன், ஒருவர் ஆடு வளர்க்கிறவர், ஒருவர் சைக்கிள் கடை. எல்லோரும் பெட்டிக்கு அடியிலிருந்து பழைய கோட்டை எடுத்து மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பொத்தான் போடமுடிந்ததற்குக் காரணம் மங்கலம்பேட்டை ஹமீது. பட்டாளத்தில் நாயக்காக இருந்து இப்போது தையல்கடை வைத்திருந்தவர். எல்லாருடைய கோட்டையும் பிரித்து, இடுப்பில் துண்டு கொடுத்து அகலமாக்கியிருந்தார். வரும்போது மாமனார், தாத்தா மாதிரி மெதுவாக வந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்த மாத்திரத்தில் தோளில் குத்திக்கொண்டு, வாயால் சொல்லமுடியாத பட்டப்பெயர்களால் கூப்பிட்டுக்கொண்டார்கள். காதர் பாய் காதைப் பொத்திக்கொண்டார். கமாண்டிங் ஆபீசராக இருப்பதில் இந்தச் சங்கடம் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பருப்பு இறங்கிவிட்டது. கறி இறங்கிவிட்டது. ஆட்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். லங்கர் மட்டும் கரண்டியைக் கொடுக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு மாட்டுவண்டி வந்தது. காலியாக வந்தது.

"என்னாப்பா, ஆளெங்க?"

"வர மாட்டேன்னுட்டாருங்க" என்றார் வண்டிக்காரர்.

"ஆர்டர்னு சொன்னியா?"

"சொன்னேங்க. ரிட்டயராயிட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

லங்கர் அண்டாவைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு, "கம்பெனி லங்கருக்கு வரலைன்னா லங்கர் கம்பெனிக்குப் போவும். எல்லாம் ஏந்துரு" என்றார்.

வாயில் எச்சில் ஊற உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எழுந்தார்கள். நான்தான் ஹமீதிடம் கேட்டேன், எங்கே போகிறோம் என்று.

"புவனகிரிக்கு" என்றார் அவர்.

புவனகிரி போகிற பஸ்ஸை லங்கர் நடுரோட்டில் நின்று நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி வந்து அண்டாக்களைப் பார்த்தார்.

"யோவ், கல்யாணச் சாமானெல்லாம் ஏத்த முடியாது."

"சாமான் இல்லப்பா. டூட்டியில இருக்குது."

"யாரு?"

"அண்டா."

கண்டக்டர் லங்கருக்குப் பின்னால் பார்த்தார். மெடல் குத்திய ஒரு படையே விறைப்பாக நின்றது. மேலே ஏறும் ஏணியைக் காட்டினார். அண்டாக்கள் கூரைமேல் ஏறின. அவற்றைப் பிடித்துக்கொள்ள அந்தோணி சாரும் ஏற்றப்பட்டார்.

பஸ்ஸில் ஹமீது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. புவனகிரியில் பொன்னுசாமி என்று ஒருவர். இதே சார்லி கம்பெனி. பனிமலைச் சண்டையில் அவரும் இன்னும் சிலரும் உச்சியில் ஒரு காவல் குழியில் மாட்டிக்கொண்டார்கள். லங்கர் கீழேயிருந்து பருப்பும் ரொட்டியும் கட்டி எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறிப் பார்த்தார். பனி பாதையை மூடிவிட்டது. கடைசியில் எல்லோரையும் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

"சாப்பாட்டு மூட்டையை முதுகுலயே வெச்சிக்கிட்டு எறங்குனாரு தம்பி. யாரையும் தொடவிடல" என்றார் ஹமீது. "மேல இருந்தவங்கள்ல பொன்னுசாமி மட்டுந்தான் திரும்பி வந்தான். கால் வெரலெல்லாம் பனியில போயிடுச்சு. ஊருக்கு வந்ததுலேருந்து வீட்டை வுட்டு வெளிய வர்றதில்ல, யார்கிட்டயும் பேசறதுமில்ல. பஸ்ஸுல ஏற மாட்டான். பக்கத்து ஊருன்னா மாட்டுவண்டியில கூட்டியாரலாம்னுதான் லங்கரு சிதம்பரத்துல வெச்சாரு."

நான் திரும்பி லங்கரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கூரையைப் பார்த்து, "சிக்னல் சாப், பருப்பு சிந்துதா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வெள்ளாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிவிட்டோம். அண்டாக்களைக் கழியில் கோத்துத் தோளில் தூக்கினார்கள். ஹமீது குரல் கொடுக்க, சார்லி கம்பெனி கால் சேர்த்து நடக்க ஆரம்பித்தது. பாலம் வந்ததும் லங்கர், "ஸ்டெப்பை ஒடை" என்றார். பாலத்தின் மேல் படை கால் சேர்த்து நடந்தால் பாலம் ஆடுமாம். ரெஜிமெண்ட் விதி. இந்த ஆட்கள் நடந்து ஆடக்கூடிய பாலமாக அது எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் எல்லோரும் சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி கண்டபடி நடந்து பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் போனதும் மறுபடி கால் சேர்த்தார்கள். ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. யாரோ மந்திரி வருகிறார் என்றார்கள். காதர் பாய் தலையை ஆட்டி வணக்கம் வாங்கிக்கொண்டார்.

பொன்னுசாமியின் வீடு ஒரு சின்ன ஓட்டு வீடு. கதவு சாத்தியிருந்தது. அவர் மனைவி வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அண்ணே, அவுரு யாரையும் பாக்க மாட்டாரு. கோவிச்சிக்காதீங்க."

"நாங்க பாக்க வரலம்மா. சாப்புட வந்தோம்" என்றார் லங்கர்.

தெருவில், அந்த வீட்டுக்கு நேர் எதிரில், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஓரிடம் காலியாக விட்டார்கள். அங்கும் ஒரு தட்டு வைக்கப்பட்டது. யாரும் பொன்னுசாமியைக் கூப்பிடவில்லை. லங்கர் தட்டைக் கரண்டியால் தட்டிவிட்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் ரெஜிமெண்ட் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் ஒருநாளும் கேட்டிராத கதை.

"பனிமலையில என்னா நடந்துச்சு தெரியுமா? உச்சியில இருந்த நம்ம ஆளுங்களுக்கு ஒரு வேளை தவறாம சாப்பாடு போச்சு. பருப்பு சுடச்சுடப் போச்சு. பொன்னுசாமி ரெண்டு தடவை வாங்கித் தின்னான். போதும் போதும்னான். நான்தான் இன்னும் கொஞ்சம்னு போட்டேன்."

தலை குனிந்திருந்தார்கள் எல்லோரும். ஹமீது தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"நெய்யி ஊத்திப் போட்டேன். வெங்காயம்கூட வதக்கி—"

"பொய் சொல்ற."

சத்தம் உள்ளேயிருந்து வந்தது. கதவு திறந்தது. ஒல்லியாக, தாடியோடு ஒரு மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் வரல. ஒரு ரொட்டிகூட வரல. நாங்க பாத்துக்கினே இருந்தோம். இப்ப வருவாரு, இப்ப வருவாருன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தானுங்க. நீ வரவே இல்ல."

லங்கரின் மீசை என்னவோ போல ஆனது. கரண்டியைக் கீழே இறக்கினார்.

"வந்துட்டேன் பொன்னுசாமி" என்றார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

பொன்னுசாமி கதவை விட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். யாரும் எழுந்து போய்த் தாங்கவில்லை. அவரே நடந்து வந்து காலியிடத்தில் உட்கார்ந்தார். ஹமீது பக்கத்திலிருந்து அவர் தொடையில் ஒரு குத்துக் குத்தி, எழுதமுடியாத ஒரு பெயரைச் சொன்னார். பொன்னுசாமி அதற்குப் பதிலாக இன்னொன்றைச் சொன்னார். அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆபீசர் என்ற முறையில் பரிமாறவேண்டியவன் நான். தட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் போட்டேன். பாதி அவர் கையில் கொட்டியது. அவர் கையை நக்கிவிட்டு, கொஞ்சம் யோசித்து, சொன்னார்:

"உப்பு கம்மி."

நான் அந்தோணி சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் லங்கரைப் பார்த்தோம். அவர் அதற்குள் பொன்னுசாமியின் மனைவியிடம், "தங்கச்சி, சீக்கிரம் உப்பு குடும்மா" என்று கேட்டபடி உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பொன்னுசாமி வெளியே வர ஆரம்பித்தார். முதலில் வாசல் வரை, அப்புறம் தெருமுனை வரை. லங்கர் வாராவாரம் போய்வந்தார். கொஞ்ச மாதத்தில், புவனகிரியில் பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரொட்டிக் கடை போடுவதென்று முடிவாயிற்று. ரொட்டி திரட்டுவது உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை. பொன்னுசாமி அதைப் பார்ப்பார், அடுப்பு லங்கருடையது.

எங்களுக்குச் சமையல்காரர் போகிறார் என்றதும் காதர் பாய் சம்பளத்தை ஏற்றுகிறேன் என்று ஆரம்பித்து, நடுவில் தானே நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோருமே போனோம். தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் லங்கர்.

"நைட்டுக்கு என்னா சாப்புடுவீங்க?" என்றார்.

"ஓட்டல்ல பாத்துக்கறோம் மாமா."

"இன்னிக்கு என்னா கெழம?"

திங்கட்கிழமை. அரிசித் தட்டுப்பாட்டால் அந்த வருஷம் திங்கட்கிழமை இரவுகளில் ஓட்டல்காரர்கள் அடுப்பு மூட்டுவதில்லை. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம்.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். லங்கர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி, மஞ்சக்குப்பத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் வரிசையாகப் போனோம். முன்னால் போகிற அந்த முதுகை நினைத்துக்கொண்டால் இன்றைக்கும் எனக்குப் பசிக்கிறது.